எழில் என்னும் கிருபை: நார்மன் மக்லீனின் ஆற்றுக்கதை பற்றி

போதகர் இல்லங்களைப் பற்றிய கதைகள் உலக இலக்கியத்தில் பல உள. அவற்றுள் ஒரு சாரார் போதகரை நகைப்புக்கு இடமாக்குவர். மறு சாரார் அவர் தலையைச் சுற்றி ஒளிவட்டம் வரைவர். இவ்விரண்டும் இன்றி, ஒரு போதகர் தம் இளைய மகனை இழந்த வரலாற்றை, மீன்பிடித்தலைப் பற்றிய நூல் போன்ற தோற்றத்தில் எடுத்துரைப்பது நார்மன் மக்லீன் என்னும் அமெரிக்கர் எழுதிய 'எ ரிவர் ரன்ஸ் த்ரூ இட்' என்னும் குறுநாவல். 'ஊடே ஓடும் ஆறு' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். 1976ஆம் ஆண்டில் வெளிவந்த இந்நூலை இன்று நாம் எடுத்து ஆராய்வதற்குக் காரணம் உண்டு. கிருபையைப் பற்றி இதில் ஓர் அழகிய கூற்று இருக்கிறது. அருளுரை ஆயத்தம் செய்யும் எவரும் அதனை மேற்கோளாக எடுத்துக்கொள்ள விரும்புவர். எடுக்குமுன் நூல் முழுவதையும் வாசித்தல் வேண்டும். அக்கூற்று சரிதானா என்று அந்நூலே இறுதிவரை போராடிக்கொண்டிருக்கிறது.

நூலாசிரியர் 1902இல் ஐயோவா மாநிலத்தில் பிறந்தவர். தந்தையார் ஜான் நார்மன் மக்லீன், கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஸ்காட்லாந்து மரபினர், பிரெஸ்பிட்டேரியன் சபைப் போதகர். 1909இல் அக்குடும்பம் மேற்கே மலைநாடாகிய மொண்டானாவில் மிசூலா என்னும் ஊரில் குடியேறிற்று. மூத்த மகனாகிய நார்மன் சிகாகோ பல்கலைக்கழகத்தில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆங்கில இலக்கியம் கற்பித்து, 1973இல் ஓய்வு பெற்று, எழுபது வயதுக்குப் பின்னரே கதை எழுதத் துணிந்தார். பதிப்பகத்தார் பலர் கையெழுத்துப்படியைத் திருப்பி அனுப்பினர். கதைகளில் மரங்கள் மிகுதி என்பது அவருள் ஒருவர் கண்ட குறையாம்! இறுதியில் அவர் கற்பித்த பல்கலைக்கழகத்தின் அச்சகமே அதனை வெளியிட்டது. அதுவரை அவ்வச்சகம் புனைகதை எதனையும் முதற்பதிப்பாக வெளியிட்டதில்லை. 1977இல் புலிட்சர் பரிசுக்கு நடுவர்கள் இந்நூலைப் பரிந்துரைத்தும், பரிசுக்குழுவினர் அவ்வாண்டு புனைகதைக்குப் பரிசே இல்லை என்று முடிவு செய்துவிட்டனர்.

கதை மிக எளிது. 1937ஆம் ஆண்டுக் கோடைகாலம். அண்ணன் தம்பி இருவர். அண்ணனே கதை சொல்பவர். தம்பி பெயர் பால்; செய்தித்தாள் நிருபர்; குடியும் சூதும் அவனைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. ஆயினும் பிளாக்ஃபுட் ஆற்றில் தூண்டிற்கோல் பிடித்து நிற்கையில் அவனுக்கு நிகர் எவருமில்லை. அக்கோடையில் சிலமுறை மீன்பிடிக்கப் போகிறார்கள். கடைசிமுறை முதிய தகப்பனாரும் உடன் வருகிறார். அடுத்த மே மாதத் தொடக்கத்தில் ஒரு விடியற்காலை காவல்துறையினர் அண்ணனை எழுப்பி, தம்பி துப்பாக்கியின் அடிக்கட்டையால் அடித்துக் கொல்லப்பட்டு ஒரு சந்தில் கிடந்தான் என்று தெரிவிக்கின்றனர். யார் கொன்றார்? எதற்காக? நூலில் விடையில்லை.

பிளாக்ஃபுட் ஆறு ராக்கி மலைத்தொடரின் நீர்பிரி முகட்டருகே தோன்றி, ஏறத்தாழ 210 கிலோமீட்டர் மேற்கு நோக்கி ஓடி, மிசூலாவுக்கு அருகில் கிளார்க் ஃபோர்க் ஆற்றில் கலக்கிறது. குளிர்ந்த, விரைந்த, பாறைகள் நிறைந்த நீர். அத்தகைய நீரில் வாழும் டிரவுட் மீன் நம் நாட்டுச் சமவெளியினர் அறியாதது; ஆனால் நீலகிரிக்குச் சென்றவர் அறிவர். வெள்ளையர் தம் பொழுதுபோக்குக்காக அதனை அங்குக் கொண்டுவந்து விட்டனர். 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைத்தனர். நீலகிரி ஓடைகளில் நிலைபெற்ற வானவில் டிரவுட் இனமே கதையில் தம்பி பிடிக்கும் கடைசிப் பெருமீனும். பிளாக்ஃபுட் ஆற்றிலும் அது வந்தேறியே. அந்த ஆற்றுக்கு உரியவை செந்தொண்டை டிரவுட்டும் காளை டிரவுட்டும்.

இனி, தூண்டிலைப் பற்றிச் சிறிது சொல்லாமல் நூலின் இறையியலைத் தொடமுடியாது. நம் குளங்களில் பிள்ளைகள் மண்புழுவைக் கோத்துத் தக்கை மிதக்கவிட்டு உட்கார்ந்திருப்பது ஒரு முறை. மக்லீன் குடும்பத்தார் பயிலுவது வேறு. இறகும் நூலும் கொண்டு பூச்சி போலக் கட்டிய ஒரு பொய்ப்பூச்சியே அவர்கள் தூண்டிலின் இரை. அதற்கு எடையே இல்லை. ஆகவே கல்லை எறிவதுபோல அதனை எறிய இயலாது. எறியப்படுவது கனமான கயிறே. எட்டரை அடி நீளமும் நாலரை அவுன்ஸ் எடையும் உள்ள மூங்கிற்கோலின் வளைவு அக்கயிற்றைப் பின்னே வீசி, அது காற்றில் முழுதும் நீளும்வரை பொறுத்திருந்து, பிறகு முன்னே செலுத்தவேண்டும். பொறுக்கத் தவறினால் கயிறு சுருண்டு தலைமேல் விழும்; வலிமையைக் கூட்டினாலோ இன்னும் கேடு. தகப்பனார் இதனைத் தம் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்த மெட்ரோனோம் என்னும் தாளக் கருவியை வைத்து, நான்கு எண்ணிக்கையில், கடிகார முகத்தின் பத்துக்கும் இரண்டுக்கும் இடையே கோல் நகருமாறு கற்பித்தார்.

அவர் மீன்பிடித்தலைக் கற்பித்த முறைக்கும் வினாவிடை கற்பித்த முறைக்கும் வேறுபாடு இல்லை. ஞாயிறு பிற்பகலில் பிள்ளைகள் வெஸ்ட்மின்ஸ்டர் சிறு வினாவிடையை ஒரு மணிநேரம் படித்தாகவேண்டும். அதன்பின் இரு ஆராதனைகளுக்கு இடையில் அவருடன் குன்றுகளில் உலாவலாம். உலாவில் அவர் கேட்பது முதல் வினா ஒன்றையே: மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான் என்பது. 1647ஆம் ஆண்டு வினாவிடையின் அந்த முதல் விடையில் தேவனுடைய மகிமையும் அவரில் மகிழ்தலும் இணைந்து நிற்பதை நம் மாணவர் அறிவர். அப்போதகருக்கு அந்த மகிழ்ச்சி நதிக்கரையில் கிடைத்தது. மனிதன் விழுந்துபோனவன் என்பதை அவர் உறுதியாக நம்பினார். ஆதலின் பயிலாத மனிதன் கையில் கோலைக் கொடுத்தால் அவன் தன் வலிமையை நம்பிக் கயிற்றைச் சிக்கலாக்குவான். இது அவருக்கு ஆதாமின் வீழ்ச்சிக்குப் போதிய சான்று. தேவன் வைத்த தாளத்துக்கு அவன் தன்னை ஒப்புக்கொடுத்த பின்னரே இழந்த ஆற்றலும் அழகும் திரும்பும்.

மேலே நாம் குறிப்பிட்ட கூற்று இவ்விடத்தில்தான் வருகிறது. டிரவுட் மீன் முதல் நித்திய இரட்சிப்பு ஈறாக நன்மை யாவும் கிருபையால் வருவன. கிருபையோ கலைப்பயிற்சியால் வருவது. கலை எளிதில் வாராது. தகப்பனாரின் கருத்து இவ்வாறு தொகுத்துரைக்கப்படுகிறது. முதற்பகுதியைக் கேட்டு ஜெனீவா மகிழும். இரண்டாம் பகுதியைக் கேட்டால் சற்றே தயங்கும். கிருபை பயிற்சியால் வருமெனில் அது கிருபையாகுமோ?

உடனே பெலேகியு என்று கூவிவிடுவது முறையன்று. சீர்திருத்த மரபிலேயே இதற்கு இடங்கொடுத்துப் பேச வழியுண்டு. யாத்திராகமம் 31ஆம் அதிகாரத்தில் பெசலெயேல் தேவ ஆவியால் நிரப்பப்பட்டது பிரசங்கிக்க அல்ல. பொன்னிலும் மரத்திலும் வேலை செய்ய. கால்வின் தம் இறையியல் நூலின் இரண்டாம் பகுதியில், தேவனை அறியாதவரிடத்தும் விளங்கும் கலைகளை ஆவியானவரின் ஈவுகளாகவே மதிக்கவேண்டும் என்று வற்புறுத்துகிறார். தம்பியின் கைத்திறன் அத்தகைய ஈவு. அவன் கயிற்றை நீரில் படவிடாமல் மீண்டும் மீண்டும் நீர்ப்பரப்பின்மேல் வீசி, பூச்சிகள் கூட்டமாய்ப் பறக்கின்றன என்று மீன் மயங்குமாறு நிழல் காட்டும் காட்சி நூலிலேயே மிக அழகானது. பெசலெயேலின் வழித்தோன்றல் என்று அவனைச் சொல்லலாம். ஆனால் கால்வின் அதே இடத்தில் நிறுத்திக்கொள்கிறார். கலை ஈவுதான், அது எவனையும் மீட்பதில்லை. தகப்பனாரோ மீனையும் மீட்பையும் ஒரே கயிற்றில் கோத்துவிட்டார்.

அவர் இவ்வாறு செய்ய ஆங்கில மொழி இடந்தந்தது என்பது நம் துணிபு. 'கிரேஸ்' என்னும் ஒரே சொல் தேவனுடைய தகுதியற்ற தயவையும் உடல் அசைவின் நளினத்தையும் குறிக்கிறது. தமிழில் இந்நூலை மொழிபெயர்க்க முற்படுபவர் முதல் பக்கங்களிலேயே இடறுவார். கிருபை என்றால் கோலின் வளைவு மறைந்துபோகும். எழில் என்றால் சிலுவை மறைந்துபோகும். சொல் இரண்டாகப் பிளக்கும்போது, ஆங்கிலத்தில் ஒன்றாய்த் தோன்றிய கருத்தும் இரண்டாகவே இருந்தது தெரியவருகிறது. ஆங்கிலத்தை மட்டும் குறை கூறுவதற்கில்லை. கிரேக்கத்தின் 'காரிஸ்' இவ்விரு பொருளையும் உடையது. எபிரெயத்தின் 'ஹேன்' என்பதும் அவ்வாறே. ஆதியாகமம் 6:8இல் நோவா கண்டடைந்ததும் ஹேன். நீதிமொழிகள் 31:30இல் வஞ்சனையுள்ளது என்று கடிந்துரைக்கப்படுவதும் ஹேன். நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளர் முதலாவதைக் கிருபை என்றும் இரண்டாவதைச் சௌந்தரியம் என்றும் பெயர்த்தனர். எபிரெயம் ஒரு சொல்லுக்குள் வைத்துக்கொண்டு எச்சரித்ததைத் தமிழ் இரு சொற்களாக்கி வெளிப்படையாக்கிவிட்டது. மக்லீன் வீட்டாருக்கு வேண்டியிருந்தது இந்த எச்சரிக்கையே.

ஏனெனில் நூலின் துயரம் யாதெனில், தம்பியிடத்தில் இருந்த எழில் அவனுக்குத் தேவைப்பட்ட கிருபையை மறைத்துவிட்டது. அவனை வீட்டார் நேசித்தனர், ஐயமில்லை. ஆனால் அவனை வியந்தனர். வியந்து பார்க்கப்படுபவனிடத்தில் சென்று, நீ அழிந்துகொண்டிருக்கிறாய் என்று எவ்வாறு சொல்வது? நள்ளிரவில் காவல்நிலையத்திலிருந்து அழைப்பு வருகிறது. அண்ணன் சென்று தம்பியை மீட்டு வருகிறார். சூதாட்டக் கடன் பெருகியிருப்பதை அங்கிருந்த அதிகாரி சொல்லுகிறார். மறுபடி சகோதரர் இருவரும் சேர்ந்து செய்வது மீன்பிடிக்கச் செல்வதே. ஆற்றில் நிற்கையில் தம்பிக்கு ஒரு குறையும் இல்லை என்று தோன்றுகிறது. அந்தத் தோற்றத்தை அண்ணன் தமக்கு ஆறுதலாக்கிக்கொள்கிறார். காயீனின் கேள்வி இந்நூலின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் ஓடுகிறது. அதற்கு விடையாக இன்னொரு மீன் கரையேறுகிறது.

இதனை நாம் மிகைப்படுத்திக் கூறவில்லை என்பதற்கு நூலிலேயே ஒரு சான்று உண்டு: அண்ணனின் மைத்துனன் நீல். வாசகர் எவரும் அவனை நேசிப்பதில்லை. பொய்யன், வீண்பெருமைக்காரன்; எல்லாவற்றுக்கும் மேலாகக் காப்பித் தகரத்தில் மண்புழுக்களைப் போட்டுக்கொண்டு மீன்பிடிக்க வருபவன். பொய்ப்பூச்சிக்காரர் கண்ணில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை. ஐசக் வால்டன் 1653இல் எழுதிய புகழ்பெற்ற தூண்டில் நூலைக்கூட, அவர் ஆங்கிலிக்கன், போதாததற்குப் புழுவில் மீன்பிடித்தவர் என்று தம்பி தள்ளிவிடுகிறான். (1947இல் ஆங்கிலிக்கரும் பிரெஸ்பிட்டேரியரும் ஒரே திருச்சபையாகிவிட்ட தென்னிந்தியாவில் நாம் இதைக் கேட்டு மனத்தாங்கலின்றிச் சிரிக்கலாம்.) கலிலேயாக் கடலின் சீடர்களும் பொய்ப்பூச்சித் தூண்டிற்காரரே என்று அந்த வீட்டுப் பிள்ளைகள் சிறுவயதில் எண்ணியிருந்தனராம். வேடிக்கைதான். ஆயினும் நற்செய்தி நூல்களில் காண்பது வீச்சுவலையும் இழுவலையுமே. தூண்டில் முள் ஒரே ஓரிடத்தில், மத்தேயு 17:27இல் வருகிறது, அதுவும் வரிப்பணத்துக்காக. மத்தேயு 13ஆம் அதிகாரத்து இழுவலை எவ்வித நளினமும் இன்றி நல்லதையும் கெட்டதையும் ஒன்றாய் வாரிக் கரைக்குக் கொண்டுவருகிறது.

அந்த நீலை அவன் தாயும் சகோதரியும் அண்ணியும் என்ன செய்கிறார்கள்? அவன் மதுவருந்தி ஆற்று மணலில் வெயிலில் உறங்கி, உடல் வெந்து வீடு திரும்புகிறான். பெண்கள் அவனைத் தாங்கிப் படுக்கவைத்து மருந்திடுகிறார்கள். அவனைக் காக்கத் தவறிய ஆடவர்மேல் சீறுகிறார்கள். அவன் திருந்தவில்லை. உதவி வேண்டுபவர் உதவி பெற்றும் முன்போலவே இருக்கிறார்களே, ஏன் என்று அண்ணனின் மனைவி ஜெஸ்ஸி பின்னர் கேட்கிறாள். அவள் ஏமாற்றமடைந்தவள், ஆனால் கைவிட்டவள் அல்லள். நீலிடத்தில் வியக்க ஒன்றுமில்லை, ஆகவே அவனுக்கு இரக்கம் கிடைத்தது. தம்பியிடத்தில் வியக்க எல்லாம் இருந்தது. கதையாசிரியர் இவ்விரு இல்லங்களையும் அருகருகே வைத்திருக்கிறார். ஆனால் ஒப்பிட்டு ஒரு சொல்லும் சொல்வதில்லை. அவருடைய அனுதாபம் முழுவதும் கலைஞன் பக்கமே சாய்கிறது. இதனைக் குறையென்றே நாம் கருதுகிறோம்.

உதவியைப் பற்றித் தகப்பனாருக்கும் மூத்த மகனுக்கும் நடக்கும் உரையாடல், போதக ஊழியத்தில் இருப்பவர் எவரும் இருமுறை வாசிக்கவேண்டிய பகுதி. உதவி என்பது பணமோ உபசாரமோ அன்று. மிகுந்த தேவையோடும் மனவிருப்பத்தோடும் பெறவருபவனுக்கு நம்மில் ஒரு பாகத்தையே கொடுத்தல் என்கிறார் முதியவர். ஆதலால் நாம் எவருக்கும் அரிதாகவே உதவுகிறோம். எந்தப் பாகத்தைக் கொடுப்பதென்று தெரிவதில்லை. தெரிந்தாலும் கொடுக்க மனமில்லை. கொடுத்தாலும் அவன் வேண்டாமென்கிறான். பலமுறை அந்தப் பாகம் நம்மிடம் இருப்பதேயில்லை. ஊரிலுள்ள மோட்டார் உதிரிபாகக் கடையில் கேட்டது மட்டும் எப்போதும் தீர்ந்துபோயிருக்குமே, அதனை உவமையாகச் சொல்லுகிறார். குடிகாரர் இல்லங்களின் வாசலில் ஜெபப்புத்தகத்துடன் நின்றிருக்கும் நமக்கு இவ்வுவமை நன்றாகவே விளங்கும்.

மகன் மறுத்துரைக்கிறார்: உதவியை நீங்கள் மிகப் பெரிதாக்குகிறீர்கள். அப்போது தகப்பனார், அவன் அம்மா அவனுக்கு ரொட்டியில் வெண்ணெய் தடவிக் கொடுப்பது உதவிதானா என்கிறார். உதவியாகவே இருக்கலாம் என்கிறார் மகன். இதனை வாசிப்போர் சிறு நகைச்சுவையாகக் கருதிக் கடந்துபோவர். நாமோ இதனையே நூலின் மிக முக்கியமான மறுமொழியாகக் கருதுகிறோம். ஆடவர் இருவரும் உதவியின் இலக்கணத்தை ஆராய்ந்துகொண்டிருக்கையில், ஒருத்தி மட்டும் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். அவளும் தன் மகனைக் காக்கவில்லை. ஆனால் கொடுக்க வேண்டிய பாகம் கடையில் இல்லை என்று அவள் சொல்லவில்லை.

கடைசி மீன்பிடிப்பு நாளில், களைத்த தகப்பனார் கரையில் அமர்ந்து கிரேக்கப் புதிய ஏற்பாட்டைத் திறக்கிறார். யோவானின் முதல் அதிகாரம். ஆதியில் இருந்தது நீர் என்று முன்பு எண்ணியிருந்ததாகவும், இப்போது செவிகொடுத்தால் நீருக்கு அடியில் வார்த்தை இருப்பதாகவும் அவர் மகனிடம் சொல்லுகிறார். தம்பியோ வார்த்தை நீரிலிருந்து உண்டாகிறது என்பான் என்கிறார் மூத்தவர். முதியவர் அதனை ஏற்கவில்லை. நீர் வார்த்தைகளின் மேல் ஓடுகிறது. லோகோஸ் பற்றிய விரிவுரைகள் பலவற்றினும் இந்தச் சிறு உரையாடல் தெளிவானது. படைப்புக்கு முன் பேச்சு. இயற்கை தானே தெய்வம் அன்று. அருகிலோ அவர் மகன் தன் இறுதி மீனோடு போராடிக்கொண்டிருக்கிறான். வார்த்தை மாம்சமாயிற்று என்று அதே அதிகாரம் மேலும் சொல்லுகிறது. அவர் அதுவரை வாசிக்கவில்லை. கதையாசிரியர் எண்ணிச் செய்தாரோ இல்லையோ, புத்தகம் பதினான்காம் வசனத்துக்கு முன்னரே மூடப்படுகிறது. நீருக்கு அடியிலிருந்த வார்த்தையைக் கேட்ட செவி, கரையிலிருந்த மகனிடம் பேசவேண்டிய வார்த்தையைத் தேடவில்லை.

நூலாசிரியரின் வாழ்க்கையோடு ஒப்பிடும்போது ஒரு மாற்றம் புலப்படுகிறது. மெய்யான பால் மக்லீன் 1938 மே மாதத்தில் கொல்லப்பட்டது சிகாகோ நகரில். அண்ணன் கற்பித்துவந்த அதே நகரில் அவர் அப்போது வசித்தார். கதையிலோ அச்சாவு மொண்டானாவில் நிகழ்கிறது. கதைக்கு வசதியான மாற்றம்தான்: ஆறும் வீடும் சாவும் ஒரே நிலத்தில் அமைகின்றன. ஆயின் விலையில்லாமல் இது கிடைக்கவில்லை. அண்ணனின் நகரத்திலேயே தம்பி மடிந்தான் என்பது எவ்வளவு கசப்பானது! அக்கசப்பை மலைக்காற்று மென்மையாக்கிவிடுகிறது.

இன்னொருத்தியைப் பற்றியும் சொல்லவேண்டும். தம்பியோடு காவல்நிலையத்தில் இருந்தவள் ஒரு பூர்வகுடிப் பெண்; வடக்குச் செயென் இனத்துத் தாய்க்குப் பிறந்தவள். அவளுடைய சொந்தப் பெயர் நூலில் இல்லை. கதை சொல்பவர் பழைய வரலாற்றிலிருந்து ஒரு செயென் பெண்ணின் பெயரை எடுத்து அவளுக்குச் சூட்டிக்கொள்கிறார். தம்பி அவளுக்காக அடிதடியில் இறங்கினான். அந்த இரவுக்குப்பின் அவள் என்ன ஆனாள் என்று எவரும் கேட்பதில்லை. பனியுகத்துப் பெருவெள்ளம் பற்றியும் ஆற்றுப்பாறைகளின் வயது பற்றியும் இத்துணை அக்கறையோடு எழுதும் ஆசிரியர், அப்பள்ளத்தாக்கில் எருமை வேட்டைக்கு வழி வகுத்திருந்த பூர்வகுடி மக்களின் ஒரு மகளைப் பெயரின்றி விட்டுவிட்டார். காலத்தின் குறை எனலாம். கிருபையைப் பற்றிப் பேசும் நூலில் அது சிறிய குறை அன்று.

1992இல் ராபர்ட் ரெட்ஃபோர்டு இதனைத் திரைப்படமாக்கினார். ஆசிரியர் 1990இலேயே காலமானார், படத்தைக் காணவில்லை. ஒளிப்பதிவுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது, தகுதியானதே. ஆனால் படம் நூலில் இல்லாத ஒரு காட்சியைச் சேர்க்கிறது: வாலிபர் ஒரு படகை எடுத்துக்கொண்டு நுரைபொங்கும் நீர்ச்சரிவில் இறங்கிப் பாய்கிறார்கள், நண்பர்கள் பின்வாங்க, சகோதரர் இருவர் மட்டும் துணிகிறார்கள். கண்ணுக்கு விருந்து. விளைவு யாதெனில், தம்பி கலைஞனாக அல்ல, அச்சமற்ற சூரனாகக் காட்சியளிக்கிறான். நூலில் படகே இல்லை. அவர்கள் ஆற்றோடு போவதில்லை. மார்பளவு நீரில், பாறைமேல் கால் ஊன்றி, ஆறு தங்களைக் கடந்துபோக நிற்கிறார்கள். படகில் செல்பவனை ஆறு கொண்டுபோகிறது என்று பழிசொல்லலாம். நிற்பவனைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலாது. கதையின் காலத்தையும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்த 1920களுக்குத் தள்ளிவிட்டதால், குடி ஒரு சாகசம் போலாகிவிட்டது. 1937இல் குடி சட்டத்துக்கு விரோதம் அன்று, வெறும் நாசம்தான்.

படப்பிடிப்பும் பெரும்பாலும் காலட்டின் முதலிய வேறு ஆறுகளில் நடந்தது. பிளாக்ஃபுட் அப்போது காட்டுவதற்கேற்ற நிலையில் இல்லை. மரவெட்டும் சுரங்கமும் அதனைக் கெடுத்திருந்தன. நூல் வெளிவருவதற்கு முந்தின ஆண்டாகிய 1975இல், ஆற்றின் தலைப்பகுதியில் மைக் ஹார்ஸ் என்னும் பழைய சுரங்கத்தின் கழிவு அணை உடைந்து உலோக நஞ்சு நீரில் கலந்தது. பின்னாளில் பலர் முயன்று ஆற்றைப் பெரிதும் மீட்டெடுத்தனர். இந்நூலும் படமும் எழுப்பிய பற்று அதற்குத் துணைநின்றது. ஆற்றுக்கு உதவ மனிதர் கண்ட வழி எளிது: நஞ்சு எங்கிருந்து வருகிறதென்று தேடி, அங்கே சென்று தோண்டினார்கள்.

நம் மாணவர் இந்நூலை அருளுரைக்கு மேற்கோள் தேடும் நோக்கோடு அன்றி, போதக உளநல வகுப்பில் வாசிக்கலாம் என்பது நம் பரிந்துரை. எளிய ஆங்கிலம், நூறு பக்கங்களுக்குச் சற்று மேல். உடன் அச்சான இரு கதைகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முழுமையாக அறியாதபோதும் முழுமையாக நேசிக்க இயலும் என்று தகப்பனாரும் மூத்த மகனும் பேசிக்கொள்ளும் ஒரு பகுதி வருகிறது. அதுவே நூலின் முடிவுரை என்று பலர் கொள்வர். அது உண்மை, ஆனால் அறிய முயன்றோமா என்ற கேள்வியை அது மூடிவிடவும் கூடும். ஆகவே அதற்கு முன் வரும் சிறு காட்சியையும் சேர்த்து வாசிக்கவேண்டும்.

மகன் இறந்த செய்தியைக் கேட்ட தகப்பனார், அனைத்தையும் சொல்லிவிட்டாயா என்று மூத்தவரிடம் கேட்கிறார். தம்பியின் கை எலும்புகள் ஏறத்தாழ எல்லாம் நொறுங்கியிருந்தன என்று அவர் சொல்லுகிறார். வாசல்வரை போன முதியவர் திரும்பிவந்து, உறுதியாகவா என்று மறுபடியும் கேட்கிறார். பிறகு, எந்தக் கை? வலது கை. தூண்டிற்கோலைப் பிடித்த கை அது. கடைசிவரை எதிர்த்து நின்ற கையும் அது. அந்த ஒரு செய்தியைத் தவிர அவருக்குப் பற்றிக்கொள்ள வேறொன்றும் கிடைக்கவில்லை. அதற்குப்பின் அவரால் சரியாக நடக்க இயலவில்லை என்று ஆசிரியர் எழுதுகிறார். காலைத் தூக்கப் பாடுபட்டார், தூக்கிய கால் தன் கட்டுப்பாட்டில் இன்றித் தரையில் விழுந்தது. நான்கு எண்ணிக்கைத் தாளத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்தவர் அவர்.